தோம்பில் ஏறாத வீடுகள்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய யாழ்ப்பாணக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



காணிப் பிரச்சினை பற்றிப் பேசுமாறு எம்மை அழைத்தீர்கள். அழைத்த இடத்தில் நாம் சித்திரக் கலையைப் பற்றிப் பேசப் புகுந்தால் உங்களுட் சிலர் முகஞ்சுளிப்பீர்கள் என்பதை அறியாதவரல்லோம். வெங்காயத்துக்கு விலையில்லை, கிணற்றிலே உவர் ஏறுகின்றது, பறிபோன காணி மீளவில்லை, இந்த வேளையில் ஓவியக் காட்சி ஒரு கேடா என்று கேட்பீர்களாயின், கேள்வி நியாயமானதே. ஆயினும் நாம் சொல்லப்போவது காணியைப் பற்றித்தான். காணி வழக்குகளிலே உழன்று திரியும் எமக்கு, காணியைப் பற்றி அண்மைக் காலத்தில் மிகத் தெளிவாகப் பேசிய ஆவணம் எது என்று வினவினால், அது எந்த அரச ஆணைக்குழுவின் அறிக்கையுமன்று, எந்தக் கட்சியின் தீர்மானமுமன்று, ஓர் ஓவியர் செய்த கோப்பு என்றே விடை பகர வேண்டியிருக்கின்றது. அதனாற்றான் இன்று இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

முதலில் நிறுவற்கலை என்று வழங்கப்படுவது யாது என்று இரண்டு வார்த்தை சொல்லிவிடுவோம். சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் படமன்று அது; பீடத்தில் நிறுத்தும் சிலையுமன்று. ஒரு மண்டபத்தையோ ஓர் அறையையோ எடுத்துக்கொண்டு, அங்கே கதிரை, கட்டில், துணி, போத்தல் போன்ற பொருள்களை ஓர் ஒழுங்கிலே வைத்து, பார்ப்பவன் அவற்றினூடே நடந்து சென்று தானே பொருள் உணரும்படி அமைப்பது. தாபனக்கலை என்பாரும் உளர். பெயர் எதுவாயினும் ஆகுக. வாசலிலே வாழையும் நிறைகுடமும் கண்டால் மணவீடு என்றும், ஒழுங்கை முகப்பிலே வெள்ளைக்கொடி கண்டால் செத்தவீடு என்றும் எவருஞ் சொல்லாமலே உணர்கின்ற மக்கள் நாம். பொருளை இடத்திலே வைத்துச் செய்தி சொல்வது நமக்குப் புதுமையன்று. மேனாட்டார் அதற்கு ஒரு பெயரிட்டு அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோனார்கள், அவ்வளவே.

இக்கலை வெறும் விநோதமாகவும் போவதுண்டு. பணக்காரர் வீட்டு விருந்துப் பேச்சுக்கு இரையாகும் அமைப்புக்களைப் பற்றி நமக்கு அக்கறையில்லை. ஊரை இழந்தவர் கையில் இக்கலை அகப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பாலஸ்தீனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2001ஆம் ஆண்டில் எமிலி ஜாசிர் என்னும் பாலஸ்தீனக் கலைஞர் ஓர் அகதிக் கூடாரத்தை நிறுத்தினார். 1948இல் அழிக்கப்பட்டும் குடிநீக்கப்பட்டும் கைப்பற்றப்பட்டும் போன 418 கிராமங்களின் பெயர்களே அக்கூடாரத் துணியிலே நூலால் தைக்கப்பட்டன. தைத்தவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். நியூயோர்க்கில் அவருடைய வேலைத்தலத்துக்குப் பலர் வந்திருந்து தைத்தார்கள். அதற்கு முன்னர், 1996இல், மோனா ஹாட்டூம் என்பவர் எருசலேம் நகரிலே நாப்லுஸ் சவர்க்காரக் கட்டிகளை நிலத்திற் பரப்பி, ஒஸ்லோ உடன்படிக்கையின்படி பாலஸ்தீனர்க்குக் கையளிக்கப்பட வேண்டிய துண்டுகளின் எல்லைகளைச் சிவந்த கண்ணாடி மணிகளாற் பதித்தார். ஒலிவெண்ணெயிற் செய்த அச்சவர்க்காரம் அந்நாட்டார் வீடுகளில் அன்றாடம் வழங்குவது. உடன்படிக்கைத் தேசப்படத்தை அதன்மேற் கண்டவனுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. நீர் பட்டாற் கரையும் பொருளின்மீது எல்லை வகுத்திருக்கின்றார்கள் என்று அவனே கண்டுகொள்வான்.

இனி நம்மூருக்கு வருவோம்.

1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை இங்கு நினைவூட்ட வேண்டியதில்லை. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. மீளக் கட்டப்பெற்ற அந்நூலகத்தினுள்ளே 2004ஆம் ஆண்டில் ஒரு நிறுவற்கலை அமைப்பு இடம்பெற்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் வேறு சிலருடன் சேர்ந்து, குடாநாட்டு வீடுகளிலிருந்து மக்கள் போர்க்கால நினைவாக வைத்திருந்த பொருள்களைச் சேகரித்து அங்கே வைத்தார். வரலாறுகளின் வரலாறு என்பது அதன் பெயரின் கருத்து. பன்மையைக் கவனியுங்கள். அச்சிட்ட நூல்கள் எரிந்துபோன இடத்திலே, அச்சேறாத வரலாறுகள் வீட்டுப் பொருள்களாக வந்து இருந்தன. நூலகத்துக்கு மக்கள் தாமே கொணர்ந்து கொடுத்த நூல்கள் அவை என்று கூறினும் பொருந்தும்.

ஆனால் நாம் விரித்துப் பேச விரும்புவது அவருடைய மற்றொரு வேலையைப் பற்றியது. 2011இல் நூல் வடிவில் வெளிவந்த அதற்கு அவர் இட்ட பெயர் "முற்றுப்பெறாத தோம்பு" எனப் பொருள்படும்.

தோம்பு என்ற சொல்லை இங்கிருக்கும் கமக்காரர் அறிவர். இளைஞர்கள் அறிவார்களோ என்பது ஐயம். போர்த்துக்கேயர் தொடக்கி வைத்து, ஒல்லாந்தர் விரிவுபடுத்திய காணிப் பதிவேடு அது. நிலத்தோம்பிலே இன்னாருக்கு இன்ன பெயருடைய காணி, இவ்வளவு விசாலம், இவ்வளவு இறை என்று எழுதினார்கள். தலைத்தோம்பிலே குடும்பத்தவர் பெயரும், அவர் சாதியும், அரசுக்கு அவர் செய்ய வேண்டிய ஊழியமும் எழுதினார்கள். காணிகளின் பழம்பெயர்கள் பல அத்தோம்புகளிலே நின்று, இன்றும் நம் உறுதிகளில் வழங்குகின்றன. ஆதலால் நன்மை இல்லையென்று சொல்லோம். எனினும் அந்த ஏடு எவருக்காக எழுதப்பட்டது? வரி தண்டுவோனுக்காக. குடியானவன் அதிலே இடம்பெற்றது இறுக்க வேண்டிய தொகையாகவும் செய்ய வேண்டிய ஊழியமாகவுமேயன்றி, மனிதனாக அன்று.

சனாதனன் செய்தது யாதெனின், அந்தப் பெயரையே எடுத்து அதைத் தலைகீழாகத் திருப்பியமையே. போரினால் வீட்டை விட்டகன்ற தமிழ் பேசும் மக்கள் எண்பதின்மரிடம் சென்று, இழந்துபோன உங்கள் வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள் என்று கேட்டார். அவர்கள் வரைந்தார்கள். கட்டடக் கலை பயின்றவர் அளவுகோலிட்டு வரையும் முறையிலே அது மறுபடி வரையப்பட்டது. அதன்மேல் ஓவியர் தாம் கேட்ட கதையைக் கொண்டு தமது சித்திரத்தை எழுதினார். இவ்வாறு ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று தாள்கள். எல்லாவற்றையுஞ் சேர்த்துக் கந்தோர்க் கோப்பைப்போலவே கட்டி வெளியிட்டார்கள். கச்சேரி மேசையிற் கிடந்தால் எழுதுவினைஞர் ஒருவர் திறந்து பாராமலே அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுவார், தோற்றம் அத்தகையது!

மூன்று தாள்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டுகின்ற வழக்கறிஞனுக்கு ஓர் உண்மை புலனாகும். முதலாவது, இழந்தவன் தன் கைப்படத் தரும் சாட்சியம். இரண்டாவது, அதையே அலுவலகத்தின் மொழிக்குப் பெயர்த்தது. அளவு திருத்தமாகின்றது, கோடு நேராகின்றது. கை நடுங்கிய இடம் மறைந்துவிடுகின்றது. நீதிமன்றத்திலே நாள்தோறும் நாம் செய்யும் வேலை இதுவேயன்றோ? கட்சிக்காரன் அழுது சொல்வதை எடுத்துப் பத்தி பத்தியாக எண்ணிட்டு முறைப்பாடாக்குகின்றோம். அது தேவை. அது இல்லையேல் தீர்ப்பு இல்லை. ஆயினும் அந்தப் பெயர்ப்பிலே எது விடுபட்டது என்பதைக் காட்ட எங்களிடம் மூன்றாவது தாள் இல்லை. ஓவியரிடம் இருக்கின்றது.

உறுதியை எடுத்துப் பாருங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படாத காணிக் கைமாற்றம் செல்லாது. அதனால் நம் முன்னோர் உறுதியைக் கண்ணின் மணியாகக் காத்தனர். காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாற்றிசை எல்லை, "இதிலுள்ள வீடு, கிணறு, பயன்தரு மரங்கள், வழி வாய்க்கால் உரிமை" என்று எழுதிவிட்டால் உறுதி முடிந்தது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஆனால் அந்த வீட்டிலே எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எந்த அறையிலே கிழவர் கண்மூடினார், துலா எத்திசை நோக்கி நின்றது, செல் விழுந்தபோது எந்த மூலையிலே பதுங்குகுழி வெட்டினார்கள் என்பவற்றை உறுதி எழுதாது, எழுதவும் வேண்டியதில்லை. எங்கள் மேசைக்கு வந்த முதியோர் பலரிடம், பிரச்சினையை விளங்கிக்கொள்ளும் பொருட்டு, வளவைக் கீறிக் காட்டுங்கள் என்று கடதாசி கொடுத்திருக்கின்றோம். பெரும்பாலானோர் எதை முதலிற் கீறினர் தெரியுமா? வீட்டையன்று, கிணற்றை! கிணற்றை வைத்துத்தான் வீட்டை வைத்தார்கள். வாய்க்காலைக் கீறி, யார் யாருக்கு எந்தக் கிழமையிலே இறைப்பு முறை என்று சொல்லத் தொடங்கினால், எல்லை வேலிக்கு அப்பாலுள்ள குடும்பங்களெல்லாம் படத்துக்குள் வந்துவிடுவார்கள். செம்மண் தோட்டத்தில் வாழ்ந்த ஊர் ஒன்று ஒற்றைத் தாளிலே எழுந்து நிற்கும்.

இங்கேதான் நம்மை ஒத்த அரசியல்வாதிகள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மேடையேறினால் நாம் எப்படிப் பேசுகின்றோம்? "இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்ந்தனர்" என்கின்றோம். 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தது. மழையிலே, நெரிசலிலே, ஓர் அடி வைக்க ஒரு நாழிகை சென்ற அவ்விரவைக் கண்டவர் இங்கும் இருக்கின்றீர்கள். அந்த வெள்ளத்தைச் சொல்ல "இலட்சம்" என்ற சொல் வேண்டியதுதான். ஆனால் அந்த இலட்சத்திலே ஒவ்வொருவரும் பூட்டிய கதவு ஒன்று உண்டு. திறப்பை மடியிலே முடிந்து கொண்டுபோனவர் ஒருவர். அயலவரிடம் கொடுத்தவர் ஒருவர். பூட்டினால் உடைப்பார்கள் என்று எண்ணித் திறந்தே விட்டுப் போனவர் ஒருவர். கூட்டமாக இழந்தோம் என்பது அரசியல். தனித்தனியே இழந்தோம் என்பது உண்மை. முன்னதைச் சொல்லிப் பின்னதை மறந்தால், எதிராளிக்கு வேலை எளிதாகிவிடும்.

எப்படி என்று கேட்பீர்கள். 2013 ஏப்ரில் மாதத்தில் வலிகாமம் வடக்கிலே 6381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. காரணமாக எழுதப்பட்டிருந்த செய்திகளுள் ஒன்று, காணி உரிமையாளரைக் கண்டறிய இயலவில்லை என்பது! கண்டறிய இயலாத உரிமையாளர் எங்கே இருந்தார்கள்? சில மைல் தூரத்தில், நலன்புரி நிலையங்களிலே, அரசின் பங்கீட்டு அட்டை பெற்றுக்கொண்டு இருந்தார்கள்! பங்கீட்டு அட்டையிலே ஆளைக் காணும் அரசுக்கு, காணி அறிவித்தலிலே ஆளைக் காண முடியவில்லை. ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்று, இதோ இருக்கின்றோம் என்றார்கள். அந்த வழக்கிலே உயிர்நிலை எது? தமிழர் என்று திரளாக நின்றமையன்று. இன்னார் மகன் இன்னார், இன்ன பெயருடைய காணிக்குரியவர் என்று ஒவ்வொருவராக நின்றமையே. பின்னைய ஆண்டுகளிலே பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டன. 2017இல் மயிலிட்டித் துறைமுகம் மீண்டது. விடுபடாதவையும் உள.

கலைஞன் வற்புறுத்துவதும் இதுவே. எண்பது வீடுகள் அவன் கோப்பிலே உள்ளன; ஒன்றைப்போல் மற்றொன்றில்லை. எண்பதும் ஒரே சோகத்தின் எண்பது பிரதிகளென்று எவரும் கூற இயலாது. அடையாளம் என்பதை நாம் கொடியாகப் பிடிக்கப் பழகிவிட்டோம். ஒருவன் தன் வீட்டுக் கோடிப்புறத்தை எவ்வாறு ஞாபகம் வைத்திருக்கின்றான் என்பதும் அவன் அடையாளந்தான்.

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். அக்கோப்பிலே வீடிழந்தோர் தமிழ் பேசும் மக்கள் என்றே வருகின்றனர்; முஸ்லிம்களும் அதிலுள்ளனர். 1990 ஒக்டோபரிலே வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், தமிழீழ விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். நகையும் உறுதியுங்கூட விட்டுச் செல்ல வைக்கப்பட்டார்கள். நம் கூட்டங்களிலே இதைப் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுவதை நாம் கவனித்திருக்கின்றோம். குரல் தாழத் தேவையில்லை. ஒரு தோம்பிலே ஒருவன் பெயரை விட்டுவிட்டு மற்றவன் பெயரை மட்டும் எழுதினால், அது ஒல்லாந்தன் தோம்பிலும் கேடானது. தம் வீட்டுக்குத் திரும்பும் உரிமையை நாம் யாரிடங் கேட்கின்றோமோ அவர்களே, நீங்கள் துரத்தியவர்களுக்கு என்ன விடை என்று திருப்பிக் கேட்பார்கள். விடையை வாயினாற் சொல்லிப் பயனில்லை. சோனகத் தெருவிலே மீளக் கட்டிய வீட்டின் கூரையாற் சொல்ல வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணத்திலே வீடு என்பது பெரும்பாலும் பெண்ணின் சொத்து. சீதனமாக மகளுக்கு வீடெழுதிக் கொடுப்பது தேசவழமை மரபு. ஆயினும் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. கணவன் காணாமலாக்கப்பட்டவளாயின் என் செய்வாள்? நீதிமன்றத்தின் வாயிலில் நின்று அனுமதி கேட்பாள். வீடு அவளுடையது, படத்தை வரையச் சொன்னால் குசினியிலே சுவர் எத்தனை அடி என்று அவளுக்குத்தான் தெரியும், கையெழுத்து மட்டும் அவளுடையதன்று. இந்த அநீதியைக் கொழும்பு செய்ததென்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. நம் சட்டம் இது. நாம் திருத்தக் கேட்கவில்லை.

இன்னும், உறுதியே இல்லாதவர்களின் வீடு எங்கே எழுதப்படும்? பிறர் வளவிலே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தோர், 1977இன் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியோர், கரையோரத்தில் வாடி கட்டி வாழ்ந்தோர். இவர்களுக்குத் தோம்புமில்லை, உறுதியுமில்லை. எல்லையை வேலியாலன்றி நினைவாற் காத்தவர்கள் இவர்கள். நினைவிலிருந்து வரைந்த படத்தை ஆவணமாகக் கொள்ளும் கோப்பிலே, காணியுள்ளவனும் காணியற்றவனும் ஒரே அளவுத் தாளைப் பெறுகின்றனர். இதனை எழுதும்போது, காணியுள்ள வகுப்பாரின் கட்சியாகவே நெடுங்காலம் நடந்த நம் அரசியலின் கன்னத்திலே ஒரு தட்டுத் தட்டியதாக எமக்குத் தோன்றியது. ஓவியர் அவ்வாறு கருதினாரோ இல்லையோ, எமக்கு அவ்வாறே தோன்றியது.

இக்கலையின்மேற் குறை ஒன்றும் உண்டு. இத்தகைய அமைப்புக்கள் பெரும்பாலும் தொலைதூர நகரங்களில், குளிரூட்டிய மண்டபங்களிலே வைக்கப்படுகின்றன. 2010இல் வான்கூவர் நகரிலுள்ள மானிடவியல் அருங்காட்சியகத்திலே, அங்கு குடியேறிய நம்மவரிடம் பெற்ற பொருள்களைக் கொண்டு சனாதனன் ஓர் அமைப்பைச் செய்தார். வீடு என்பதே அதன் பொருள். பனிநாட்டிலே வாழும் நம் பிள்ளைகள் அதைக் கண்டது நன்று. ஆனால் வீட்டின் படத்தை வரைந்து கொடுத்த கிழவி, தன் படம் எவ்வாறு வந்திருக்கின்றதென்று காண எங்கே போவாள்? நூலின் விலை கமக்காரன் கைக்கு எட்டுமா? கலைஞனை நாம் குறைகூறவில்லை. ஊரிலே வைக்க இடங்கொடாத நம் சபைகளையும் சங்கங்களையுமே கூறுகின்றோம். வாசிகசாலை தோறும் ஒரு சுவர் உண்டு. அதிலே அரசியல்வாதிகளின் படங்கள் தொங்குகின்றன. எங்கள் படங்களைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டுங்கள் என்று முன்மொழிகின்றோம். (சிரிப்பு.) சிரிக்க வேண்டாம், தீர்மானமாகவே முன்மொழிகின்றோம்.

இப்பொழுது சட்டத்துக்கு வருவோம். நினைவுப் படம் நீதிமன்றத்திலே உறுதிக்கு ஈடாகுமா? ஆகாது. நில அளவையாளர் சத்தியஞ் செய்து ஒப்புவிக்கும் படத்தின் இடத்தில் அதனை வைக்க இயலாது. அவ்வாறு எவரேனும் உங்களுக்குச் சொன்னால் நம்பற்க. ஆனால் வழக்கு என்பது ஒரே ஆவணத்தால் வெல்லப்படுவதன்று. கிணறு எங்கிருந்தது, அயலவர் யார், வழி எப்பக்கம் என்று தெரிந்தால்தான் சாட்சி யாரென்று தெரியும். சாட்சி தெரிந்தால்தான் ஆட்சி ஒப்புவிக்கப்படும். உறுதி தொலைந்தவர்களும் அஞ்ச வேண்டியதில்லை. மூல உறுதி உங்களிடம் இருந்தது; நொத்தாரிசிடம் ஒரு பிரதி இருக்க வேண்டும்; மற்றொன்று காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும். காணியின் பெயரும் எழுதிய நொத்தாரிசின் பெயரும் ஏறக்குறைய ஆண்டும் தெரிந்தால் தேடலாம். இவை யார் தலையில் இருக்கின்றன? எண்பது வயதைத் தாண்டியவர் தலையில் இருக்கின்றன.

காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, பத்தாண்டு இடையறாத எதிர் ஆட்சி ஒருவனுக்கு உரித்தைக் கொடுத்துவிடும். துப்பாக்கிக்கு அஞ்சி ஓடியவனுக்கு அக்காலத்தைக் கணக்கிடலாமா என்று பல்லாண்டு போராடியபின், 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையுள்ள காலம் விலக்கப்பட்டது. ஆனால் அதன் வாசகத்தை நோக்குங்கள்: பயங்கரவாதக் குழுவின் செயலாற் பாதிக்கப்பட்டவர்க்கே அச்சலுகை, வழக்கிடவும் இரண்டாண்டே தவணை. இராணுவ வேலியால் வெளியே நிறுத்தப்பட்டவன் அவ்வாசகத்திலே எங்கே இருக்கின்றான்? அவனுடைய வீட்டையும் அவ்வாசகம் காணவில்லை.

பின்னர் 2025 மார்ச் 28ஆந் திகதி, காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் வடமாகாணக் காணிகள் பற்றி வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. மூன்று மாதத்துள் உரித்தை நிறுவாவிடின் காணி அரசுக்காகும் என்பது அதன் விளைவு. முப்பதாண்டு சிதறிக் கிடந்தவனுக்கு மூன்று மாதம்! கடல் கடந்து வாழ்வோர்க்கும், உறுதியைக் குண்டு வீச்சிலே தொலைத்தோர்க்கும், தகப்பன் பெயரிலிருந்து காணியை மாற்றாமலே கிடப்போர்க்கும் அதே மூன்று மாதம். எதிர்ப்பு எழுந்தது, உயர் நீதிமன்றம் சென்றோர் அவ்வாண்டு யூன் மாதத்திலே இடைக்காலத் தடையுத்தரவு பெற்றனர். அந்த மூன்று மாதத்திலே நம் அலுவலகங்களுக்கு ஓடிவந்த மக்கள் கையிலே என்ன கொண்டு வந்தார்கள்? சிலர் உறுதி. பலர் வெறுங்கை. கண்ணை மூடிக்கொண்டு, "படலையாலே உள்ளுக்குப் போனால் வலப்பக்கம் ஒரு மாமரம்" என்று தொடங்கினார்கள். மாமரத்திலிருந்து தொடங்கிப் பதிவகத்திலே உறுதியின் இலக்கத்தைக் கண்டுபிடித்த சந்தர்ப்பமும் உண்டு.

ஆகையால் நாம் வேண்டுவது இதுவே. மாரிமழை தொடங்குமுன், ஞாயிறு தோறும் ஒரு கிராமமாக எடுத்துக்கொள்வோம். இங்குள்ள இளஞ் சட்டத்தரணிகள் நால்வர், நில அளவையாளர் ஒருவர், நுண்கலை பயிலும் மாணவர் சிலர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லுங்கள். ஆசிரியப் பெருமக்கள் எழுதுவதற்கு உதவ வேண்டும். முதற்றாளில் முதியவர் தம் கையாலேயே வரையட்டும், திருத்தாதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். இரண்டாந் தாளில் அளவையாளர் வரைவார். காணிப் பெயர், அயலவர் பெயர், நொத்தாரிசு பெயர், வெளியேறிய திகதி, திரும்பிய திகதி அல்லது திரும்பாமை ஆகியவற்றைப் பின்புறத்தில் எழுதுங்கள். முஸ்லிம் குடும்பங்களையும் உறுதியில்லாக் குடும்பங்களையும் தேடிச் சென்று எழுதுங்கள். அவர்கள் தாமாக வருவார்களென்று காத்திருக்க வேண்டாம். ஒரு பிரதி வாசிகசாலைக்கு, ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று எங்கள் பொறுப்பில்.

கமக்காரர் செய்ய வேண்டியது ஒன்றே. வீட்டிலே இருக்கும் ஆச்சியையும் அப்புவையும் அன்று தோட்டத்துக்கு அனுப்பாமல் வாசிகசாலைக்கு அழைத்து வாருங்கள். கண்பார்வை குறைந்தவராயின் பேரப்பிள்ளை உடன் வரட்டும். அவர் சொல்லச் சொல்ல அது கீறட்டும். கொப்பியும் பென்சிலும் நாம் கொண்டு வருவோம்.